கூட்டத்தை யார் அடக்குவது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. மாலை டீ குடித்துக்கொண்டே படியுங்கள், அவசரமில்லை.

போன வாரம் பேரனோடு உட்கார்ந்து டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரணிப் பந்துவீச்சாளர் ஒருவர் நம் ஆளை அவுட் ஆக்கியதும் பையன் ஒரு வார்த்தை சொன்னான். ஏழாம் வகுப்புதான் படிக்கிறான். மருமகள் அடுக்களையிலிருந்து ஓடி வந்து அதட்டினாள். அவன் முகத்தில் குற்ற உணர்ச்சியே இல்லை. "எல்லாரும் அப்படித்தான் தாத்தா திட்றாங்க" என்றான். நான் பதில் சொல்லவில்லை. எனக்கு வேறொரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு அந்த மாதிரி ஒரு வார்த்தையைச் சொன்னவன் நான்.

நான் பட்டம் வாங்கிய வரலாற்று ஆசிரியன் இல்லை. இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்தவன். ஆறு முதல் எட்டு வரை சமூக அறிவியல் நடத்தச் சொன்னார்கள், நடத்தினேன், அதில் ஆசை வந்து படித்தேன், அவ்வளவுதான். அதனால் இதை ஆராய்ச்சிக் கட்டுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விளையாட்டு பார்க்க வரும் கூட்டத்தை யார் அடக்குவது என்ற கேள்வி ரொம்ப நாளாக மனசில் இருக்கிறது. அரசாங்கமா, போலீஸா, பக்கத்து சீட்டுக்காரரா?

ரொம்பப் பழைய கதையிலிருந்து வருகிறேன். பாம்பேய் நகரத்தை எல்லாருக்கும் தெரியும், எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர். எரிமலை வெடித்தது கி.பி. 79இல். அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்னால், கி.பி. 59இல், அந்த ஊர் வட்டரங்கில் வாள்வீரர் சண்டை பார்க்கப் பக்கத்து ஊரான நுசேரியாவிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். இரண்டு ஊர் ரசிகர்களுக்கும் வாய்த்தகராறு வந்தது. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இதை எழுதியிருக்கிறார். ஏச்சில் தொடங்கி, கல்லுக்குப் போய், ஆயுதத்தில் முடிந்தது என்று அவர் சொல்லும் வரிசையைக் கவனிக்க வேண்டும். பலர் செத்தார்கள். ரோமின் செனட் சபை பாம்பேயில் அப்படிப்பட்ட கூட்டங்களுக்கு 10 ஆண்டு தடை விதித்தது. அந்தக் கலவரத்தை ஒருவர் தன் வீட்டுச் சுவரில் ஓவியமாகவே தீட்டி வைத்திருந்தார். இன்றைக்கும் அது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊர் மானம் போன கதையை வீட்டுச் சுவரில் வரைந்து வைக்கிற ரசிகன் அன்றைக்கே இருந்திருக்கிறான்!

அடுத்தது கான்ஸ்டான்டிநோபிள். இன்றைய இஸ்தான்புல். அங்கே தேரோட்டப் பந்தயம் பெரிய மோகம். நீலம், பச்சை என்று இரண்டு கட்சி. அது வெறும் சட்டை நிறம் இல்லை. யார் எந்தக் கட்சி என்பது அரசியல், மதச் சண்டை வரைக்கும் போகும். 532ஆம் ஆண்டு ஜனவரியில் இந்த இரண்டு கோஷ்டியும், வழக்கமாக ஒருவரையொருவர் வெட்டிக்கொள்பவர்கள், அரசாங்கத்துக்கு எதிராக ஒன்றுசேர்ந்துவிட்டார்கள். பந்தயத்தில் தேரோட்டிகளைப் பார்த்துக் கத்தும் 'நிகா' என்ற சொல்லையே, அதாவது 'வெல்' என்பதையே, கலகக் கோஷமாக்கினார்கள். நகரம் எரிந்தது. பழைய ஹாகியா சோபியா தேவாலயமும் எரிந்தது. இப்போது நாம் படங்களில் பார்ப்பது ஜஸ்டினியன் பேரரசர் அதற்குப் பிறகு கட்டி 537இல் முடித்தது. கலகம் எப்படி அடங்கியது? படை பந்தயத் திடலுக்குள்ளே புகுந்து வெட்டியது. 30,000 பேர் செத்ததாக அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதுகிறார்.

ஆக, அரசாங்கத்திடம் இருந்த மருந்து இரண்டுதான். ஒன்று கதவைப் பூட்டுவது, இல்லையென்றால் வெட்டுவது. இரண்டுமே ரசிகனை மாற்றவில்லை.

இப்போது ஸ்காட்லாந்துக்கு வருகிறேன். இந்தக் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1977 ஜூன் 4. லண்டன் வெம்ப்லி மைதானத்தில் ஸ்காட்லாந்து கால்பந்து அணி இங்கிலாந்தை 2–1 என்று ஜெயித்தது. ஜெயித்த சந்தோஷத்தில் ஸ்காட்லாந்து ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் மைதானத்துக்குள் குதித்தார்கள். கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்து அதை முறித்தார்கள். புல்தரையைப் பாளம் பாளமாகப் பெயர்த்து ஊருக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். தோற்றவன் கலாட்டா செய்வதைப் பார்த்திருக்கிறோம். இது ஜெயித்தவன் செய்த கலாட்டா. மூன்று வருடம் கழித்து, 1980 மே மாதம், கிளாஸ்கோவில் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம். செல்டிக் அணிக்கும் ரேஞ்சர்ஸ் அணிக்கும். செல்டிக் ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு தரப்பும் மைதானத்தில் இறங்கி பாட்டிலும் கல்லுமாக அடித்துக்கொண்டார்கள். குதிரைப் போலீஸ் வந்து பிரித்தது. அந்த வருடமே சட்டம் போட்டு ஸ்காட்லாந்துக் கால்பந்து மைதானங்களில் மதுவைத் தடை செய்தார்கள்.

இதே ஸ்காட்லாந்துக்காரர்கள்தான் 1992இல் ஸ்வீடனில் நடந்த ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் நல்ல நடத்தைக்காக ஐரோப்பியக் கால்பந்து சங்கத்தின் பாராட்டைப் பெற்றார்கள். 15 வருடத்தில் என்ன நடந்தது?

சட்டம் ஒரு காரணம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளிநாட்டுக்குப் போகும்போது ஸ்காட்லாந்துச் சட்டம் கூட வராதே. அங்கே குடிக்கத் தடையும் இல்லை. நன்றாகவே குடிப்பார்கள். பெரிய காரணம் வேறு. அந்த எண்பதுகளில் இங்கிலாந்து ரசிகர்களுக்கு ஐரோப்பா முழுக்கக் கெட்ட பெயர். ஸ்காட்லாந்துக்காரனுக்கு இங்கிலாந்துக்காரன் என்று தன்னைத் தவறாக நினைத்துவிடுவார்களோ என்பதுதான் பெரிய பயம். அதனால் கட்டம்போட்ட 'கில்ட்' பாவாடையைக் கட்டிக்கொண்டு, பேக்பைப் ஊதிக்கொண்டு போனான். நான் வேறு ஆள், பார்த்துக்கொள் என்பது அதற்கு அர்த்தம். அந்த உடையைப் போட்ட பிறகு ஒருவன் சண்டை இழுத்தால் அது அவன் ஒருத்தனுடைய அவமானம் இல்லை, கில்ட் கட்டிய அத்தனை பேருடைய அவமானம். ஆகவே பக்கத்தில் இருக்கிறவனே பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடுவான். இவர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ரிச்சர்ட் ஜூலியானோட்டி இந்த 'தங்களைத் தாங்களே கண்காணிக்கும்' பழக்கத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். 'டார்ட்டன் ஆர்மி', அதாவது கட்டம்போட்ட துணிப் படை, என்பது அவர்கள் பெயர். பெயரில்தான் படை. இன்று அவர்களுக்கென்று ஒரு அறக்கட்டளை உண்டு. ஸ்காட்லாந்து எந்த நாட்டில் ஆடப் போகிறதோ அந்த நாட்டில் கஷ்டப்படும் குழந்தைகளுக்கு நன்கொடை கொடுத்துவிட்டு வருகிறார்கள். 2024இல் மியூனிக்கில் ஜெர்மனியிடம் 5–1 என்று உதை வாங்கினார்கள். இரவு வீதியில் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதற்கு முன்பே டென்மார்க்காரர்கள் இந்த வழியில் போனார்கள். கலாட்டா செய்யும் ரசிகனை ஆங்கிலத்தில் ஹூலிகன் என்பார்கள் அல்லவா? டேனிஷ் மொழியில் 'ரோலிக்' என்றால் அமைதி. இரண்டையும் ஒட்டி 'ரோலிகன்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 1984 ஐரோப்பியக் கோப்பையின்போது இந்தப் பெயர் பரவியது. வகுப்பில் ஒரு முரட்டுப் பையனை மானிட்டர் ஆக்குவோமே, அந்த மாதிரி. பெயர் கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. வெளிநாட்டில் சாதுவாக இருக்கும் அதே ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூரில் செல்டிக்–ரேஞ்சர்ஸ் ஆட்டம் என்றால் வேறு ஆள். செல்டிக் கத்தோலிக்கர்களுடைய அணி, ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டன்டுகளுடைய அணி என்று நூறு வருடப் பகை. 1989இல் ரேஞ்சர்ஸ் அணி மோ ஜான்ஸ்டன் என்ற கத்தோலிக்க ஆட்டக்காரரை எடுத்தபோது சில ரசிகர்கள் தங்கள் அணித் துண்டையே எரித்தார்கள். மத வெறிப் பாட்டுகளைத் தடுக்க 2012இல் தனிச்சட்டமே வந்தது. ரசிகர்கள் அதை எதிர்த்தார்கள், கடைசியில் 2018இல் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஆளும் அவன்தான், ரத்தமும் அதுதான். எந்தக் கூட்டத்தில் நிற்கிறான் என்பதைப் பொறுத்து ஆள் மாறிவிடுகிறான். இதை நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கும், கொஞ்சம் நம்பிக்கையாகவும் இருக்கும்.

இங்கிலாந்தைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1985 மே 29இல் பெல்ஜியத்தின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் சிலர் எதிர்த்தரப்பை நோக்கிப் பாய, சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இத்தாலியர்கள். இங்கிலாந்து கிளப்புகளை ஐரோப்பியப் போட்டிகளிலிருந்தே விலக்கி வைத்தார்கள். அந்த அவமானத்திலிருந்து அதே லிவர்பூல் நகரத்தில் அதே ஆண்டு ரசிகர்களே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 1990 உலகக் கோப்பைக்கு இத்தாலி போனபோது அந்தச் சங்கம் 'ரசிகர் தூதரகம்' ஒன்றை நடத்தியது. டிக்கெட் தொலைந்தவனுக்கு, வழி தெரியாதவனுக்கு உதவி. வம்பு வருவதற்கு முன்பே அதைத் தணிப்பது.

நடுவில் 1989 ஏப்ரல் 15 வந்தது. ஷெஃபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் நசுங்கினார்கள். இறந்தவர்கள் மொத்தம் 97 பேர். குடித்துவிட்டு வந்தவர்கள், இவர்களே காரணம் என்று போலீஸ் தரப்பு சொன்னது. ஒரு பெரிய பத்திரிகை அதைத் தலைப்புச் செய்தியாகவே போட்டது. பொய். 2016இல்தான் விசாரணை மன்றம் தீர்ப்புச் சொன்னது: ரசிகர்கள் மேல் தவறில்லை, கூட்டத்தைக் கையாண்ட விதத்தில்தான் தவறு. 27 வருடம் அந்தக் குடும்பங்கள் பிள்ளையையும் இழந்து, பழியையும் சுமந்துகொண்டு நின்றன. 'கூட்டமே அப்படித்தான்' என்று நாமும் சட்டென்று சொல்லிவிடுகிறோம். ஒரு வகுப்பில் நாலு பேர் கத்தினால் நாற்பது பேரையும் முட்டி போட வைத்த வாத்தியார் நான். அதனால் இந்தக் கதையைப் படித்தபோது உறுத்தியது.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

1999 ஜனவரி. பாகிஸ்தான் அணி 12 வருடத்துக்குப் பிறகு டெஸ்ட் ஆட இந்தியா வந்திருந்தது. முதல் டெஸ்ட் டெல்லியில் என்று இருந்தது. ஜனவரி தொடக்கத்தில் சிலர் ஃபெரோஸ் ஷா கோட்லா மைதானத்துக்குள் புகுந்து ஆடுகளத்தையே தோண்டிப் போட்டார்கள். ஆட்டம் சென்னைக்கு மாறியது. ஜனவரி 28, வியாழக்கிழமை சேப்பாக்கத்தில் தொடங்கியது. எங்கே பார்த்தாலும் போலீஸ்.

எனக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. முதல் மூன்று நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஸ்கோர் கேட்பதோடு சரி. பாகிஸ்தான் 238, இந்தியா 254. கும்ப்ளேவுக்கு 6 விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸில் ஷாஹித் அஃப்ரிதி 141 அடித்தார். பிறகு வெங்கடேஷ் பிரசாத் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 5 விக்கெட்டைச் சாய்த்து மொத்தத்தில் 33 ரன்னுக்கு 6 எடுத்தார். பாகிஸ்தான் 286. நமக்கு இலக்கு 271. சனிக்கிழமை மாலை இந்தியா 2 விக்கெட்டுக்கு 40. திராவிடும் சச்சினும் களத்தில். மறுநாள் ஞாயிறு. விடுமுறை. தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு டிக்கெட் கிடைத்தது. விடியற்காலை மின்சார ரயில் பிடித்தேன்.

பழைய சேப்பாக்கம் மைதானம் இப்போது மாதிரி இல்லை. கூரையைத் தாங்கும் தூண்கள் கண்ணை மறைக்கும். தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்துச் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும். எனக்கு வலது பக்கம் ஒரு பெரியவர். அறுபதுக்கு மேல் இருக்கும். திருவல்லிக்கேணிக்காரர். மடியில் நீளமான கணக்கு நோட்டு, அதில் ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் இருந்தவர்களில் பாதிப் பேரை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும். வருடா வருடம் பொங்கல் டெஸ்டுக்கு அதே இடத்தில் உட்காருகிறவர்கள். நான்தான் அந்த வரிசைக்குப் புது ஆள். என்ன வேலை என்று கேட்டார், வாத்தியார் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். எங்களுக்கு முன் வரிசையில் ஒரு பையன், பத்துப் பன்னிரண்டு வயது, அப்பாவோடு வந்திருந்தான்.

திராவிட் போனார். அசாருதீன் போனார். கங்குலியை அவுட் கொடுத்தார்களே, அந்த கேட்ச் சரிதானா என்ற வாதம் இன்றைக்கும் தீரவில்லை. 82க்கு 5. எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. எழுந்து நின்று கத்தினேன். அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். அது ஆட்டத்தைப் பற்றியது இல்லை. அந்த ஆட்டக்காரர்களுடைய மதத்தைப் பற்றியது. நான் பாடம் நடத்தும் வகுப்பில் அந்த மதத்துப் பிள்ளைகள் ஆறு பேர் இருந்தார்கள். கத்தும்போது அவர்கள் யாரும் என் ஞாபகத்தில் இல்லை.

முன் வரிசைப் பையன் திரும்பி என்னைப் பார்த்தான். சிரித்தான். பிறகு அவனும் எழுந்து நின்று, நான் சொன்ன அதே வார்த்தையை, நான் கத்திய அதே ராகத்தில் கத்தினான். அவன் அப்பாவும் சிரித்தார்.

பெரியவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "பாத்தீங்களா சார், ஒரு பாடம் நடத்திட்டீங்க."

அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை. பென்சிலைச் சீவி அடுத்த ஓவரைக் குறிக்க ஆரம்பித்துவிட்டார். பின் வரிசையில் ஒருவர், "சார், உக்காருங்க, மறைக்குது" என்றார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. போலீஸ்காரர் வந்து பிடித்திருந்தால்கூட வாதாடியிருப்பேன். இவரிடம் என்ன வாதாடுவது? அவர் கொடுத்த புளியோதரை வயிற்றுக்குள் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். சச்சினும் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன் எடுத்தார்கள். மோங்கியா 52இல் போனார். சச்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு, வலியோடு அடித்துக்கொண்டே இருந்தார். பிற்பகல் கடல்காற்று வந்துவிட்டது. ஜெயிக்க 17 ரன்தான் வேண்டும். சக்லைன் முஷ்டாக் பந்தைத் தூக்கி அடித்தார், அது நேராக வானத்தில் ஏறியது, வாசிம் அக்ரம் கீழே நின்று பிடித்தார். சச்சின் 136. ஸ்கோர் 254க்கு 7. அடுத்த 4 ரன்னுக்குள் மற்ற மூன்று பேரும் போனார்கள். 258. பாகிஸ்தான் 12 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது.

அந்த அமைதியை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. அத்தனை ஆயிரம் பேர் மூச்சு விடுவது கேட்கிற மாதிரி இருந்தது. என் இடது பக்கத்து ஆள் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. அவர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. பின்னாலிருந்தவர் எட்டி, "குடுங்க சார், தாகமா இருக்கு" என்று அதை வாங்கிக்கொண்டார். தாகமாக இருந்ததா, வேண்டுமென்றே வாங்கினாரா, எனக்குத் தெரியாது. குடித்தார் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அப்போது எங்கிருந்தோ கைதட்டல் வந்தது. முதலில் ஒரு மூலையில். பிறகு பெரியவர் நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து தட்டினார். வரிசை வரிசையாக எழுந்தார்கள். பாகிஸ்தான் வீரர்கள் முதலில் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். பிறகு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அவர்கள் எங்கள் பக்கம் வந்தபோது எங்கள் வரிசையில் கடைசியாக எழுந்தவன் நான். முன் வரிசைப் பையனும் தட்டிக்கொண்டிருந்தான். யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டானோ, என்னைப் பார்த்து இல்லை.

சேப்பாக்கத்து ரசிகர்களுக்கு இது புதிதும் இல்லை. 1997 மே மாதம் அதே மைதானத்தில் சயீத் அன்வர் நம் அணிக்கு எதிராக 194 அடித்தபோதும் எழுந்து நின்று தட்டியவர்கள்தான். 2023 உலகக் கோப்பையில் ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானை வென்றபோதும் அந்த அணியைக் கொண்டாடினார்கள். அதற்காக இது புனிதர்கள் கூடும் இடம் என்று நான் சொல்ல மாட்டேன். 2018 ஏப்ரலில், காவிரிப் போராட்டம் நடந்த நேரம், இதே மைதானத்தில் ஐபிஎல் ஆட்டத்தின் நடுவே செருப்பு வீசப்பட்டது. சென்னை அணியின் மற்ற உள்ளூர் ஆட்டங்களெல்லாம் புனேவுக்குப் போயின. கோபத்துக்குக் காரணம் வேறு, ஆனால் செருப்பு விழுந்த இடம் அதுதான்.

சேப்பாக்கத்துக்கு இரண்டு வாரம் கழித்து, அதே பாகிஸ்தான் அணியோடு கொல்கத்தா ஈடன் கார்டனில் ஒரு டெஸ்ட். கொல்கத்தா ரசிகருக்குக் கிரிக்கெட் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சச்சின் ஓடும்போது ஷோயப் அக்தர் மேல் மோதி ரன் அவுட் ஆனார். கூட்டம் கொதித்துப் பொருள்களை வீசியது. சச்சினே மைதானத்தைச் சுற்றி வந்து கையெடுத்துக் கேட்டுக்கொண்ட பிறகு அடங்கியது. மறுநாள், தோல்வி நெருங்கியதும் மறுபடியும் வீச்சு, தீ. போலீஸ் ஏறத்தாழ 65,000 பேரை வெளியேற்றியது. காலி நாற்காலிகளுக்கு நடுவே கடைசி விக்கெட் விழுந்தது, 46 ரன்னில் பாகிஸ்தான் வெற்றி. அந்த 65,000 பேரில் எத்தனை பேர் வீசியிருப்பார்கள்? சில நூறு? மற்றவர்கள் கையில் நோட்டும் பென்சிலும் வைத்திருந்தவர்கள்தானே. அவர்களையும் சேர்த்துத்தான் வெளியே தள்ளினார்கள். 1996 உலகக் கோப்பை அரையிறுதியிலும் அதே மைதானத்தில் இலங்கைக்கு எதிராக 120க்கு 8 என்று இருந்தபோது பாட்டில் பறந்து, ஆட்ட நடுவர் கிளைவ் லாயிட் வெற்றியை இலங்கைக்குக் கொடுத்துவிட்டார். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறிய படம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சென்னையில் நடக்காதது அங்கே ஏன் நடந்தது என்று பலரும் பல காரணம் சொல்வார்கள். சென்னைக்காரன் அறிவாளி என்று நம்மவர்கள் பெருமையடிப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நானும் சென்னைப் பக்கத்துக்காரன்தான், நான் கத்தியது உங்களுக்குத் தெரியும். ஈடன் கார்டன் அப்போது லட்சம் பேர் உட்காரும் கடல். சேப்பாக்கம் அதில் பாதிதான். எங்கள் வரிசையில் பக்கத்தில் இருப்பவரின் பெயர் தெரியும், அவர் வீட்டுச் சாப்பாடு தெரியும். கில்ட் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் ஸ்காட்லாந்துக்காரனுக்கும் அப்படித்தான், பயணம் முழுக்க அதே முகங்கள். தெரிந்த முகத்துக்கு முன்னால் வாய் கூசும். இது என் ஊகம்தான், வேறு கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை, பிப்ரவரி 1. ஏழாம் வகுப்பு. வராண்டாவில் வரும்போதே உள்ளே பேச்சு கேட்டது. கடைசி பெஞ்சில் ஒரு பையன் இருந்தான், கிரிக்கெட் பைத்தியம், வகுப்பில் எல்லா ஸ்கோரும் அவன் வாயில்தான். அவனைப் பார்த்து முன் பெஞ்சுக்காரன் ஒருவன், "உங்க ஆளுங்க ஜெயிச்சுட்டாங்கடா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான்கு பேர் சிரித்தார்கள். அவன் தலை குனிந்து நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான். வேறொரு நாளாக இருந்தால் காதில் விழாத மாதிரி உள்ளே போய் வருகைப் பதிவேட்டை எடுத்திருப்பேன்.

அன்றைக்குப் போய்க் கரும்பலகையில் எழுதினேன். சச்சின் 136. பிரசாத் 33 ரன்னுக்கு 6. சக்லைன் முதல் இன்னிங்ஸில் 94க்கு 5, இரண்டாவதில் 93க்கு 5. "சக்லைன் கணக்கைக் கூட்டிச் சொல்லுங்க பாக்கலாம்" என்றேன்.

கடைசி பெஞ்சிலிருந்துதான் முதலில் கை தூக்கப்பட்டது. "187க்கு 10 சார்."

"சரி."

அவன் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்துவிட்டு, "சச்சின் அவுட் ஆனதும் எங்க வீட்ல டிவியை ஆஃப் பண்ணிட்டாங்க சார்" என்றான்.

முன் பெஞ்சுக்காரன் திரும்பிப் பார்த்தான். "எங்க வீட்லயும்தான்டா" என்றான்.

பிறகு பாடப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன்.